ஒப்பந்தம் முடியப்போகும் ரக்பி லீக் வீரர் எங்கே போகலாம்: அங்கேயே இருப்பதா, இங்கிலாந்தா, யூனியனா?

நவம்பர் 1 வந்துவிட்டால் ஆஸ்திரேலிய ரக்பி லீக்கில் ஏஜென்ட்டுகளின் போன் ஓயாது. அடுத்த சீசனோடு ஒப்பந்தம் முடிகிற வீரர்கள் அந்தத் தேதியிலிருந்து வேறு கிளப்புகளோடு வெளிப்படையாகப் பேசலாம் என்பது அங்குள்ள முதல்நிலைப் போட்டியான என்.ஆர்.எல்.லின் விதி. செய்தியில் வருவதெல்லாம் பெரிய பெயர்கள்தான். நான் யோசிப்பது இன்னொரு வகை வீரரைப் பற்றி. வயது 26, 27. முப்பது பேர் கொண்ட அணியில் இருக்கிறார், ஆனால் வாராவாரம் களமிறங்கும் அணியில் தன் பெயர் இருக்குமா என்று செவ்வாய்க்கிழமை அறிவிப்பு வரும்வரை அவருக்கே தெரியாது. இவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: என்.ஆர்.எல்.லிலேயே ஒட்டிக்கொண்டிருப்பது, இங்கிலாந்தின் சூப்பர் லீக்குக்குப் போவது, ரக்பி யூனியனுக்கே மாறிவிடுவது. நட்சத்திரம் தப்பான வழியைத் தேர்ந்தெடுத்தாலும் பணத்தோடு திரும்பி வந்துவிடுவார். இவர் ஒருமுறை தவறினால் மீதமிருக்கும் நான்கைந்து நல்ல வருடங்களும் அதிலேயே போய்விடும்.

இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ரக்பி லீக்கில் ஒரு பக்கத்துக்கு 13 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள்தான் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவது) கணக்கு, கிரிக்கெட்டில் ஓவருக்கு ஆறு பந்து போல. அதற்குள் ட்ரை அடிக்க, அதாவது எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுக்க, முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ரக்பி யூனியன் 15 பேர் ஆடும் வேறு ஆட்டம். இரண்டும் பிரிந்ததே கூலிப் பிரச்சினையில். சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர்கள் ஆட்டத்துக்காக இழந்த நாளின் கூலியைக் கிளப் கொடுக்கலாமா கூடாதா என்ற சண்டை முற்றி, 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஓட்டலில் கூடிய வட இங்கிலாந்துக் கிளப்புகள் தனியாகப் போய்விட்டன. அதன் பிறகு சரியாக நூறு வருடம், 1995 வரை, யூனியன் அதிகாரபூர்வமாகச் சம்பளம் கொடுக்கவில்லை. பணம் வேண்டும் என்றால் யூனியனை விட்டு லீக்குக்கு வர வேண்டும், வந்தவர் திரும்பிப் போக முடியாது. 1995-க்குப் பிறகுதான் லீக் வீரருக்கு அந்தப் பக்கமும் ஒரு கதவு திறந்தது. அந்தக் கதவு யாருக்குப் பொருந்தும் என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அங்கேயே இருப்பது. இதற்கான காரணங்கள் முன்பைவிட இப்போது வலுவாக இருக்கின்றன. 2023-ல் வீரர் சங்கத்தோடு வந்த கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு கிளப்பின் சம்பள உச்சவரம்பு, அதாவது எல்லா வீரர்களுக்கும் சேர்த்து அது கொடுக்கக்கூடிய தொகை, 12.1 மில்லியன் ஆஸ்திரேலிய டாலராக உயர்ந்தது. முப்பது பேர் பட்டியலில் இருக்கும் கடைசி ஆளுக்கும் குறைந்தபட்சம் 1,20,000 டாலர், அது படிப்படியாக ஏறி 2027-ல் 1,50,000 ஆகும் என்று முடிவானது. சாதாரண வேலையோடு ஒப்பிட்டால் நல்ல சம்பளம்தான், ஆனால் 32 வயதோடு நின்றுபோகிற சம்பளம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பணத்தைவிட முக்கியமான காரணம் இடங்களின் எண்ணிக்கை. இப்போது 17 அணிகள், அணிக்கு முப்பது பேர் என்றால் 510 இடங்கள். 2027-ல் பெர்த் பேர்ஸ் வருகிறது, 2028-ல் பப்புவா நியூ கினி சீஃப்ஸ் வருகிறது. அறுபது புதிய இடங்கள். அந்த அறுபதையும் நட்சத்திரங்களை வைத்து நிரப்ப முடியாது, நட்சத்திரங்கள் அவ்வளவு பேர் கிடையாது. புதிய கிளப்புக்கு முதலில் தேவைப்படுவது ஐம்பது அறுபது ஆட்டம் ஆடிய, பயிற்சிக்கு நேரத்துக்கு வருகிற, சின்னப் பையன்களுக்கு வழிகாட்டத் தெரிந்த நடுத்தர வீரர்கள். அதாவது நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே ஆள். 2018-ல் இதே நிலையில் இருந்த ஒருவரிடம் கேட்டிருந்தால் கிளம்பிவிடு என்று தயங்காமல் சொல்லியிருப்பேன், இன்றைக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

பப்புவா நியூ கினி பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ரக்பி லீக்தான் அந்த நாட்டின் தேசிய விளையாட்டு. அந்த அணிக்கும் பசிபிக் பகுதியில் ரக்பி லீக் வளர்ச்சிக்கும் சேர்த்து ஆஸ்திரேலிய அரசே பத்தாண்டுகளில் 600 மில்லியன் டாலர் செலவிட ஒப்புக்கொண்டிருக்கிறது. அங்கே ஆடுகிறவர்களுக்கு வருமான வரி கிடையாது என்ற ஏற்பாடும் வந்திருக்கிறது. உச்சவரம்புக்கு உட்பட்ட அதே சம்பளம் வரி பிடிக்காமல் கைக்கு வருவது சின்ன விஷயமே இல்லை. தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் குடும்பத்தோடு வாழ்வதைப் பற்றி வீரர்களின் மனைவிமார் தயங்குகிறார்கள், அந்தத் தயக்கம் நியாயமானதுதான். ஆனாலும் ஒரு தேசமே கொண்டாடும் ஒரே அணியில் முதல் வருடமே ஆடும் வாய்ப்பு தொழில் வாழ்க்கையில் ஒருமுறைதான் வரும். கல்யாணமாகாத 26 வயதுக்காரராக இருந்தால் நான் இதைத்தான் முதலில் விசாரிப்பேன்.

சரி, அங்கேயே இருப்பதில் என்ன கெடுதல்? இரண்டாம் தர ஆட்டம். முதல் அணியில் இடம் கிடைக்காதவர் குயின்ஸ்லாந்து கப்பிலோ நியூ சவுத் வேல்ஸ் கப்பிலோ ஆட வேண்டும். அங்கே வாங்கும் அடியும் அடிதான். எண்பது நிமிடத்தில் முப்பது நாற்பது டேக்கிள் போடுகிற ஒரு முன்வரிசை வீரரின் தோளுக்கும் கழுத்துக்கும் மேலே தொலைக்காட்சி கேமரா இருக்கிறதா இல்லையா என்பது தெரியாது. உடம்பு கரைவது ஒரே வேகத்தில்தான், பேர் மட்டும் வளராது, அடுத்த ஒப்பந்தத்தில் பேசுவதற்குக் கையில் எதுவும் இருக்காது. மூளை பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். சிட்னி ரூஸ்டர்ஸ் கேப்டனாகவும் ஆஸ்திரேலியக் கேப்டனாகவும் இருந்த பாய்ட் கார்ட்னர் தலையில் திரும்பத் திரும்பப் பட்ட அடிகளால் 2021-ல் 29 வயதிலேயே ஓய்வு பெற்றார். அதே வருடம் அதே கிளப்பின் ஜேக் ஃபிரெண்டும் அதே காரணத்தால் நிறுத்தினார். நார்த் குயின்ஸ்லாந்து கௌபாய்ஸ் கிளப்புக்கு 2015-ல் முதல் கோப்பையை வென்று கொடுத்த பயிற்சியாளரும் முன்னாள் ஹாஃப்பேக்குமான பால் கிரீன் 2022-ல் இறந்தார், அதன் பிறகு நடந்த பரிசோதனையில் அவர் மூளையில் சி.டி.இ. (தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளைச் சிதைவு நோய்) இருந்தது தெரியவந்தது. 2023-லிருந்து மூளை அதிர்ச்சி ஏற்பட்ட வீரர் குறைந்தது 11 நாள் ஆடக் கூடாது என்று என்.ஆர்.எல். விதி கொண்டுவந்திருக்கிறது, நல்லது. ஆனால் ஏற்கெனவே மூன்று நான்கு முறை தலையில் பட்டவர் இந்த மூன்று வழிகளையும் ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு நரம்பியல் நிபுணரைப் பார்த்துவிட வேண்டும், கிளப்பின் டாக்டரை இல்லாமல் வெளியாள் ஒருவரை.

இன்னொன்று, ஒப்பந்தத்தின் நீளம். ஜேசன் டவுமலோலோ 2017-ல் கௌபாய்ஸோடு பத்து வருட ஒப்பந்தம் போட்டார், சுமார் பத்து மில்லியன் டாலர். அப்போது பலரும் கிளப் கொடுத்துவைத்தது என்றார்கள். பிறகு முழங்கால் தொந்தரவுகள் வந்தன, ஆட்ட நேரம் குறைந்தது, சம்பளம் குறையவில்லை. நம் நடுத்தர வீரருக்குப் பத்து வருடம் யாரும் தரப்போவதில்லை, ஆனால் பாடம் அதேதான்: ஆண்டுக்கு 3 லட்சம் டாலரில் ஒரே ஒரு வருடமா, 2 லட்சத்து 30 ஆயிரத்தில் மூன்று வருடமா என்று கேட்டால் இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். கமிஷன் முன்கூட்டியே வர வேண்டும் என்று நினைக்கிற ஏஜென்ட் முதலாவதை எடுக்கச் சொல்லி வற்புறுத்துவார்.

அடுத்து இங்கிலாந்து. இதை ஆஸ்திரேலியாவில் ஓய்வுக்கு முந்தைய நிறுத்தம் என்றே பேசுகிறார்கள், எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடே இல்லை. பணம் குறைவுதான், மறுக்கவில்லை. சூப்பர் லீக் கிளப் ஒன்றின் உச்சவரம்பு 2.1 மில்லியன் பவுண்டு; ஆஸ்திரேலிய டாலரில் பார்த்தால் என்.ஆர்.எல். கிளப் செலவழிப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். ஆனால் உச்சவரம்பில் முழுச் சம்பளமும் கணக்காகாத 'மார்க்கீ' வீரர் என்ற ஏற்பாடு ஒன்று இருக்கிறது, சிட்னியில் இருபத்தைந்தாவது ஆளாக இருப்பவர் விகனிலோ ஹல்லிலோ முதல் மூன்று பேரில் ஒருவராகிவிடுவார். அப்போது கைக்கு வரும் தொகையில் வித்தியாசம் நாம் பயப்படும் அளவுக்கு இருக்காது, சில நேரம் வித்தியாசமே இருக்காது.

பெவன் ஃபிரெஞ்சைப் பாருங்கள். சிட்னியின் பாரமாட்டா கிளப்பில் நல்ல வேகத்தோடு வந்து, பிறகு அணியில் இடம் தவறி, 2019 சீசன் நடுவில் விகனுக்குப் போனார். 2022-ல் ஹல் எஃப்.சி.க்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஏழு ட்ரை அடித்து சூப்பர் லீக் சாதனை படைத்தார். 2023-ல் ஆண்டின் சிறந்த வீரருக்கான 'மேன் ஆஃப் ஸ்டீல்' விருது. 2023, 2024 இரண்டு வருடமும் விகன் சாம்பியன். மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தில் இறுதியாட்டம் ஆடி ஜெயிப்பது பெருமை இல்லையா? ஜாக்சன் ஹேஸ்டிங்ஸ் கதை இன்னும் பொருத்தம். இன்னொரு சிட்னி கிளப்பான மேன்லியில் ஓரங்கட்டப்பட்டு 2018-ல் சால்ஃபோர்டுக்குப் போனார். அடுத்த வருடமே மேன் ஆஃப் ஸ்டீல் வாங்கி, யாரும் எதிர்பார்க்காத அந்தச் சின்னக் கிளப்பை இறுதியாட்டம் வரை கொண்டுபோய், பிறகு விகனில் இரண்டு சீசன் ஆடிவிட்டு 2022-ல் வெஸ்ட்ஸ் டைகர்ஸ் அழைக்க என்.ஆர்.எல்.லுக்குத் திரும்பினார். வாரம் தவறாமல் எண்பது நிமிடம் ஆடியதுதான் அவரைத் திரும்பக் கொண்டுவந்தது, மேன்லியின் இரண்டாம் அணியில் அதே மூன்று வருடம் உட்கார்ந்திருந்தால் டைகர்ஸ் அவரைத் தேடியிருக்குமா? முக்கியமாக ஹாஃப்பேக், ஃபைவ்-எய்த், ஃபுல்பேக் மாதிரி ஆட்டத்தை நடத்தும் இடங்களில் ஆடுகிறவர்களுக்கு ஆட ஆடத்தான் கண் திறக்கும். பயிற்சி மைதானத்தில் அது வராது.

இங்கிலாந்தின் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கிளப்புகளின் கஜானா. 2020-ல் கனடாவின் டொராண்டோ உல்ஃப்பேக் கிளப் சோனி பில் வில்லியம்ஸ் போன்ற பெரிய பெயரை எடுத்துக்கொண்டு சூப்பர் லீக்கில் இறங்கியது, கொரோனா வந்தது, சீசன் நடுவில் விலகிவிட்டது, வீரர்களின் சம்பளம் நின்றுபோனது. வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு வந்த ஆட்களுக்கு விசா, வாடகை எல்லாமே கிளப்பை நம்பி இருந்தது. 2025-ல் ஹேஸ்டிங்ஸ் ஆடிய அதே சால்ஃபோர்டிலும் சம்பளம் திரும்பத் திரும்பத் தாமதமானது, வீரர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். ஆக சூப்பர் லீக் என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமில்லை. விகன், செயின்ட் ஹெலன்ஸ், லீட்ஸ், வாரிங்டன் வரிசையில் வரும் ஒரு கிளப் கொடுக்கிற இரண்டு லட்சமும், உரிமையாளர் யாரென்றே ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிற கிளப் கொடுக்கிற இரண்டரை லட்சமும் ஒன்றல்ல. தென் பிரான்சின் பெர்பின்யானில் இருக்கும் கேட்டலன்ஸ் டிராகன்ஸ் பலருக்குப் பிடித்த இடம், வெயில், கடல், பிரெஞ்சு வாழ்க்கை; பிரெஞ்சு தெரியாத மனைவிக்கும் பள்ளிக்கூடம் போகிற குழந்தைக்கும் அது எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எதிர்த்திசையில் போன இங்கிலாந்து வீரர் சாம் டாம்கின்ஸ் பெரிய மாற்றுத்தொகைக்கு விகனிலிருந்து நியூசிலாந்து வாரியர்ஸுக்கு 2014-ல் போய், வீட்டு ஏக்கம் தாங்காமல் இரண்டே சீசனில் திரும்பினார். இன்னொரு இங்கிலாந்து வீரர் ஜார்ஜ் வில்லியம்ஸும் கான்பெராவிலிருந்து அப்படித்தான் 2021-ல் சீசன் நடுவில் கிளம்பினார். அவ்வளவு திறமை இருந்தும் அவர்களால் இருக்க முடியவில்லை.

இனி யூனியன். 1995-ல் திறந்த கதவு என்று சொன்னேனே, அதைப் பற்றி எல்லாரும் பணக்கணக்கில் தொடங்குகிறார்கள். லீக்கில் ஆடிக்கொண்டிருந்த இளம் வீரர் ஜோசப் சுவாலிக்கு, யூனியனை நடத்தும் ரக்பி ஆஸ்திரேலியா அமைப்பு ஆண்டுக்கு 1.6 மில்லியன் டாலர் அளவுக்குக் கொடுக்கிறது என்று செய்தி வந்ததும் லீக் வட்டாரம் முழுக்க அதே பேச்சு. நான் தொடங்குவது களத்தில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதிலிருந்து. லீக்கில் டேக்கிள் விழுந்ததும் ஆட்டம் ஒரு கணம் நிற்கும், விழுந்தவர் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளுவார், தடுப்பவர்கள் பத்து மீட்டர் பின்வாங்க வேண்டும். யூனியனில் டேக்கிள் விழுந்த நொடியில்தான் சண்டையே தொடங்குகிறது, தரையில் கிடக்கும் பந்துக்காக இரண்டு பக்கமும் பாய்வார்கள். அதற்கு மேல் லைன்அவுட் (ஓரக்கோட்டிலிருந்து எறியும் பந்துக்கு இரண்டு வரிசையும் எம்பிக் குதிப்பது), முன்வரிசைகள் கோத்துக்கொண்டு நிஜமாகவே தள்ளுகிற ஸ்க்ரம். லீக்கின் ப்ராப், அதாவது முன்வரிசையின் கனத்த ஆள், வாழ்நாள் முழுக்கக் கற்றது முட்டி மோதி ஓடுவதும் எழுந்து ஓடிப்போய் மறுபடி டேக்கிள் போடுவதும். யூனியன் முன்வரிசையில் அவருக்குத் தெரிந்த வேலை பாதிகூட இல்லை. ஓரத்தில் ஓடும் விங்கருக்கு அப்படியில்லை. உயரப் பந்தைப் பிடிப்பது, ஓரக்கோட்டை ஒட்டி ஓடுவது, முடித்துவைப்பது எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான்.

வரலாறும் இதையே சொல்கிறது. 2003 யூனியன் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் மொத்தமே இரண்டு ட்ரை. ஆஸ்திரேலியாவுக்கு அடித்தவர் லோட்டே துக்கிரி, இங்கிலாந்துக்கு அடித்தவர் ஜேசன் ராபின்சன். இரண்டு பேரும் லீக்கிலிருந்து வந்த விங்கர்கள். மெல்பர்ன் ஸ்டார்மின் விங்கர் மரிக்கா கொரோய்பெட்டே யூனியனுக்குப் போய் 2019-ல் ஆஸ்திரேலியாவின் சிறந்த வீரருக்கான ஜான் ஈல்ஸ் பதக்கம் வாங்கினார். இப்போது மறுபக்கம். சாம் பர்ஜஸ் 2014 இறுதியாட்டத்தில் உடைந்த கன்ன எலும்போடு எண்பது நிமிடம் ஆடி சவுத் சிட்னிக்குக் கோப்பை வாங்கித் தந்தவர், அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த முன்வரிசை வீரர்களில் ஒருவர். யூனியனுக்கு மாறியதும் இங்கிலாந்தின் பாத் கிளப் அவரைப் பக்கவாட்டு முன்வரிசையில் ஆடவைத்தது, இங்கிலாந்து அணி சென்டரில், அதாவது பின்வரிசையின் நடுவில், ஆடவைத்தது, ஒரு வருடம்கூட முழுதாகப் பழகாமல் 2015 உலகக் கோப்பையில் இறக்கிவிட்டார்கள், இங்கிலாந்து முதல் சுற்றிலேயே வெளியேறியதும் பழியில் பெரும்பங்கு அவர் தலையில் விழுந்தது. சில வாரத்தில் சவுத் சிட்னிக்கே திரும்பினார். எனக்கு இன்றும் அது ஆறவில்லை. ஃபைவ்-எய்த் பெஞ்சி மார்ஷல் 2014-ல் ஆக்லாந்து ப்ளூஸ் என்ற யூனியன் அணிக்குப் போய் சில மாதத்தில் திரும்பிவிட்டார். 2018-ல் லீக்கின் சிறந்த வீரராகத் தேர்வான ஃபுல்பேக் ரோஜர் துய்வாசா-ஷெக், யூனியனில் உள் சென்டராக மாற்றப்பட்டு, நியூசிலாந்துக்கு மூன்று டெஸ்ட் (சர்வதேச ஆட்டம்) ஆடி, 2024-ல் வாரியர்ஸுக்கே வந்துவிட்டார்.

சோனி பில் வில்லியம்ஸ் இருக்கிறாரே என்பீர்கள். இருக்கிறார், லீக்கில் செகண்ட் ரோ (முன்வரிசைக்கு அடுத்த வரிசை), யூனியனில் சென்டர், இரண்டு உலகக் கோப்பை. ஆனால் 2008-ல் லீக் கிளப்பான புல்டாக்ஸை விட்டுப் போன பிறகு இரண்டு சீசன் பிரான்சின் துலோனில் கூட்டத்தின் பார்வைக்கு அப்பால் ஆட்டத்தைக் கற்றார், அதற்குப் பிறகுதான் நியூசிலாந்து அணி. அவசரம் இல்லை. சுவாலியும் 2024 நவம்பரில் லண்டனின் ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்துக்கு எதிராகச் சென்டராகவே முதல் டெஸ்ட் ஆடி அசத்தினார், ஆஸ்திரேலியா 42-37 என்று ஜெயித்தது. அவர் சிட்னி கிங்ஸ் ஸ்கூலில் யூனியன் ஆடி வளர்ந்தவர் என்பதை மறக்கக் கூடாது.

ஆகவே நம் வீரர் விங்கராக, உயரப் பந்தில் கெட்டிக்காரராக இருந்தால் பிரான்சின் டாப் 14, ஜப்பானின் லீக் ஒன் என்ற யூனியன் போட்டிகளைத் தாராளமாக விசாரிக்கலாம். டாப் 14-ல் வழக்கமான சுற்றிலேயே 26 ஆட்டம், குளிர்காலச் சேற்றில், பத்து மாதம் ஓயாது. ஜப்பானில் சீசன் சிறியது, உடம்புக்கு நல்லது, ஆனால் வெளிநாட்டு வீரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. ப்ராப், ஹூக்கர், ஹாஃப்பேக் என்றால் யூனியன் கதவைத் திறக்கவே வேண்டாம், யார் எவ்வளவு சொன்னாலும்.

பெரிய தொகையோடு வருகிற புதுப் போட்டிகள் பற்றியும் எச்சரிக்கை தேவை. ஆர்360 என்ற தனியார் யூனியன் போட்டி லீக் வீரர்களை அழைத்தபோது, அங்கீகாரமில்லாத போட்டிக்குப் போனால் பத்து வருடத் தடை என்று 2025 அக்டோபரில் என்.ஆர்.எல். அறிவித்தது. அடுத்த மாதம் விங்கர் சாக் லோமாக்ஸ் தன் கிளப்பான பாரமாட்டாவிடம் விடுவிப்பு வாங்கினார், 2028 முடியும்வரை பாரமாட்டா சம்மதிக்காமல் வேறு என்.ஆர்.எல். கிளப்பில் ஆடக் கூடாது என்ற நிபந்தனையோடு. சில நாளில் ஆர்360 தன் தொடக்கத்தையே 2028-க்குத் தள்ளிவைத்தது. ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் (குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்கள் மோதும் பெரிய தொடர்) ஆடிய ஒருவருக்கே இந்த நிலை என்றால் நடுத்தர வீரர் இருக்கும் ஒப்பந்தத்தை விட்டு வெளியே காலெடுத்து வைப்பதற்கு முன் எதிர்த்தரப்பின் பணம் வங்கியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

ஆடி முடித்த பிறகு என்ன என்பதும் இந்தக் கணக்கில் சேரும். ஜஸ்டின் ஓலம் பப்புவா நியூ கினியின் லே நகரில் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்து முடித்துவிட்டுத்தான் மெல்பர்ன் வந்தார், 2020-ல் கோப்பை வென்றார். ஆண்டி ஃபாரல் விகனிலிருந்து யூனியனுக்குப் போய் வீரராகப் பெரிதாகச் சாதிக்கவில்லை, ஆனால் பயிற்சியாளராக அயர்லாந்தை உலகின் முதல் இடத்துக்குக் கொண்டுபோனார். பயிற்சியாளராகும் ஆசை இருக்கிறவருக்கு இங்கிலாந்தும் யூனியனும் வேறு கதவுகளைத் திறக்கும். எலக்ட்ரீஷியன் பயிற்சியைப் பாதியில் விட்டவருக்குச் சிட்னியிலோ பிரிஸ்பேனிலோ இருந்து அதை முடிப்பதே லாபம்.

என் முடிவைக் கேட்டால்: நடுவில் ஆடும் முன்வரிசைக்காரர் என்.ஆர்.எல்.லிலேயே இருக்கட்டும், பெர்த்தோடும் போர்ட் மோர்ஸ்பியோடும் பேசட்டும், மூன்று வருடத்துக்குக் குறையாமல் கேட்கட்டும். இடம் தவறிய ஹாஃப்பேக்கும் ஃபுல்பேக்கும் கிளம்பி இங்கிலாந்து போகட்டும், அதுவும் 28 ஆவதற்கு முன்னால். விங்கர் மட்டும் மூன்றையும் மேசையில் வைத்து யோசிக்கலாம். இங்கிலாந்துக்குப் போகிறவர் கையெழுத்துப் போடும் முன் ஒன்றை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்: என்.ஆர்.எல். கிளப் அழைத்தால் முதல் சீசன் முடிவில் விடுவிக்க வேண்டும், மாற்றுத்தொகை இவ்வளவுதான் என்று இப்போதே எழுதிவிட வேண்டும். கிளப் தயங்கினால் ஆண்டுச் சம்பளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது அந்த வரியை வாங்குங்கள்.